புளித்தண்ணீர் படும் கல்: மதுரை வீடு ஒன்றின் மேடைக் கதை

மதுரையில் 26 வருடம் குடியிருந்த வீடு. சமையலறை ஒன்று, குளியலறை இரண்டு, மூன்றையும் புதுப்பிக்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். வயரிங், குழாய், டைல்ஸ், பெயிண்ட் எல்லாம் பத்து நாளில் முடிவாயின. மேடைக் கல்லில் வந்து வண்டி நின்றுவிட்டது. மூன்று வாரம் நகரவே இல்லை.

வீட்டில் நான்கு பேர், நான்கு கட்சி. பெரியவர் நண்பர் வீட்டில் பிளாக் கேலக்ஸி பார்த்துவிட்டு வந்தவர். கருப்பில் தங்கப் பொட்டு மின்னுவது மனதில் ஒட்டிக்கொண்டது. மருமகளுக்கு வெள்ளை மார்பிள். மகனுக்கு எதுவானாலும் சரி, சீக்கிரம் முடிய வேண்டும். அம்மா மட்டும் கல்லை மாற்றுவதே எதற்கு என்று கேட்டார். "இந்தக் கடப்பாவுக்கு என்ன கேடு தம்பி? வெள்ளிக்கிழமை தேங்காண்ணெய் தொட்டுத் துடைச்சா கண்ணாடியா இருக்கும்."

அந்தப் பழைய மேடையை முதலில் நன்றாகப் பார்த்தேன். இந்த வேலையில் பாதி விடை அங்கேதான் கிடைக்கும். அடுப்புக்கு வலப்பக்கம், கை தானாகப் போய்ப் பாத்திரம் வைக்கும் இடத்தில், வெளுத்த வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. சில வட்டங்கள் டம்ளர் அளவு, ஒன்று ரசச் சட்டியின் அடி அளவு. தொட்டுப் பார்த்தால் மற்ற இடம் வழுவழு, வட்டம் மட்டும் லேசாகச் சொரசொர. முன்விளிம்பில் நாலைந்து இடத்தில் கல் பெயர்ந்திருந்தது. தேங்காய் உடைத்த இடம் என்று கேட்காமலே தெரிந்தது. சிங்க் ஓரம் உப்புப் பூத்து வெள்ளை வரி. போர் தண்ணீர்.

"இந்த வட்டமெல்லாம் கறைன்னு நினைச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சு அலுத்துப்போச்சு" என்றார் அம்மா. அது கறையே இல்லை என்பதுதான் விஷயம். கடப்பா என்பது சுண்ணாம்புக்கல். ஆந்திராவின் கடப்பா வட்டாரத்திலிருந்து வருவதால் அந்தப் பெயர். கால்சியம் கார்பனேட்டில் புளியோ எலுமிச்சையோ பட்டால் கல்லே கொஞ்சம் கரைகிறது. புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், இரண்டுக்கும் இதே வேலைதான். கரைந்த இடத்தில் பாலிஷ் போய் வெளுப்புத் தட்டும். எண்ணெய் அந்த வெளுப்பைச் சில நாள் மறைத்து வைக்கும், அவ்வளவே.

மார்பிளும் இதே குடும்பம். சுண்ணாம்புக்கல் பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறினால் மார்பிள். இதைச் சொன்னதும் கூடத்தில் ஒரு நிமிடம் அமைதி. மருமகள் ஆசைப்பட்ட வெள்ளைக் கல்லுக்கும் மாமியார் விடமாட்டேன் என்ற கருப்புக் கல்லுக்கும் கோத்திரம் ஒன்று. மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஆனால் பேச்சைத் திருப்பியது அம்மாதான். பின்கட்டில் கிடந்த அம்மியைக் காட்டி, "இது கருங்கல்லுதானே? நாப்பது வருசமா இதுல புளியும் மிளகாயும் வச்சு அரைக்கிறேன். இதுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார். கிரானைட்டுக்கு இதைவிட நல்ல சாட்சியை எந்தக் கடைக்காரரும் கொண்டுவர முடியாது. அம்மி தேய்ந்து மழுங்கிப்போனால் தெருவில் "அம்மி கொத்தலையோ" என்று வருபவர் உளி வைத்துக் கொத்திவிட்டுப் போவார். அம்மி தேய்வதெல்லாம் குழவி உரசித்தான். புளியில் கரைந்து அல்ல. கருங்கல்லில் இருப்பவை பெரும்பாலும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார். சமையலறை அமிலம் எதற்கும் அவை அசையாது. மோஸ் கடின அளவில் மார்பிள் 3, கிரானைட் 6-க்கும் 7-க்கும் நடுவே. சாதாரணக் கத்தி சுமார் 5½. கத்தி மார்பிளைக் கீறும். கிரானைட்டில் கத்திதான் மழுங்கும்.

ஆறு துண்டுகள்

விவாதத்தை நிறுத்திவிட்டு கல் விற்கும் யார்டுகளில் கழித்துப் போட்ட வெட்டுத் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்தேன். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ராஜஸ்தானின் மக்ரானா வெள்ளை மார்பிள், காஷ்மீர் ஒயிட் என்ற வெள்ளை கிரானைட், ஸ்டீல் கிரே என்ற சாம்பல் கிரானைட், இரண்டு வேறு கடைகளிலிருந்து இரண்டு கருப்பு, ஆறாவதாகப் பழைய மேடையில் பெயர்ந்த கடப்பாச் சில்லு. சோதனையை நான் செய்யவில்லை, அம்மாவையே செய்யச் சொன்னேன். அவர் சமைக்கும் சமையலில் என்ன விழுமோ அதுதான் விழ வேண்டும். ஜன்னல் திண்டில் துண்டுகளை வரிசையாக வைத்து, கெட்டிப் புளிக்கரைசல், பாதி எலுமிச்சை, மஞ்சள் குழைத்த நல்லெண்ணெய், டிகாக்ஷன், போர் தண்ணீர் என்று நாளுக்கு ஒன்றாக வைத்தார். முடிவுகளைக் கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். அந்தத் தாள்கள் இன்றும் என்னிடம் இருக்கின்றன. மார்பிளுக்கு நேராக எழுதியது: "எலுமிச்சை, சாதம் வடிக்கிறதுக்குள்ள மங்கிருச்சு."

மார்பிளும் கடப்பாவும் எதிர்பார்த்தபடியே. எலுமிச்சை கவிழ்த்த இடத்தில் கண் மங்கியது போல ஒரு வளையம். கடப்பாவில் அது பளிச்சென்று தெரியும், வெள்ளை மார்பிளில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். கடையில் நின்று பார்ப்பவருக்கு மார்பிள் தாங்கிக்கொண்டது போலத் தோன்றுவது இதனால்தான்.

காஷ்மீர் ஒயிட் தனிக்கதை. பெயரைப் பார்த்துப் பனிமலை என்று நினைத்துவிடக்கூடாது. கல் இந்தப் பக்கத்தது, மதுரை மேலூர் வட்டாரப் பாறை. 2012-இல் கிரானைட் முறைகேடு வெடித்தபோது மேலூர் பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது. அங்கே வெட்டிய கல் உலகம் முழுக்கக் காஷ்மீர் என்ற பெயரில் போய்க்கொண்டிருந்தது பலருக்குத் தெரியாது. வெள்ளைப் பரப்பில் சிவப்புச் சிவப்பாகத் தெரியும் புள்ளிகள் கார்னெட் மணிகள். அழகான கல்தான். புளிக்கும் எலுமிச்சைக்கும் அசையவில்லை. ஆனால் தண்ணீர்ச் சொட்டு வைத்த கொஞ்ச நேரத்தில் அந்த இடம் கருத்தது. உள்ளே குடிக்கிறது என்று அர்த்தம். எண்ணெய் நிழல் மறுநாளும் போகவில்லை. மஞ்சள் வைத்த இடம் மஞ்சளாகவே நின்றது.

மஞ்சள் கறைக்கு அம்மாவிடம் ஒரு வைத்தியம் இருந்தது. துண்டை மொட்டை மாடியில் வெயிலில் வைத்தார். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். வேட்டியில் பட்ட மஞ்சள் கொடியில் காய்ந்தால் வெளுப்பதும் அதனால்தான். சித்திரை வெயிலில் அது பெரும்பாலும் போயே போய்விட்டது. ஆனால் மேடையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போக முடியாதே!

கருப்பு இரண்டும் எதையும் குடிக்கவில்லை. தொழிலில் கருப்பு கிரானைட் என்று சொன்னாலும் புவியியல்காரர்கள் இவற்றை கிரானைட்டில் சேர்க்கமாட்டார்கள். காப்ரோ, டாலரைட் வகை. பெரியவர் கேட்ட பிளாக் கேலக்ஸியும் அந்த இனம்தான். ஆந்திராவில் ஓங்கோல் பக்கம் சீமகுர்த்தியில் கிடைப்பது. நெருக்கமான கல், கனம் கூடியது, உறிஞ்சுவது மிகக் குறைவு. அந்த இரண்டு கருப்பில் ஒன்று மட்டும் விலையில் கணிசமாகக் குறைவாக இருந்தது. மருமகளின் நகப்பாலிஷ் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து அழுத்தித் தேய்த்தேன். பஞ்சு கருத்தது. சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட கல் மேடையானால் ஆறு மாதத்தில் சிங்க் ஓரம் திட்டுத் திட்டாக வெளுக்கும். வீட்டுக்காரர் கல்லைத் திட்டுவார், கல் என்ன செய்யும்? கருப்பு வாங்குபவர் கைப்பையில் பஞ்சும் அந்தப் பாட்டிலும் இல்லாமல் யார்டுக்குப் போகக்கூடாது.

நல்ல கருப்பிலும் ஒரு குறை கடைசி நாள் தெரிந்தது. போர் தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி. அது கல்லின் கோளாறு அல்ல, தண்ணீரின் உப்பு. கருப்பின் மேல் எல்லாம் தெரியும், அவ்வளவுதான். கைரேகை, கோலமாவுத் தூசி, ஈரத்துணி போன தடம் உட்பட. அம்மா தாளில் எழுதியிருந்தது: "துடைச்சுக்கிட்டே இருக்கணும்."

ஸ்டீல் கிரேவுக்கு நேரே தாளில் பெரும்பாலும் வெறும் கோடுதான், ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். டிகாக்ஷனுக்கு நேராக "தெரியலை".

நடுவில் ஒருநாள் மாலை மகன் குவார்ட்ஸ் பற்றிக் கேட்டார். அது பாறையிலிருந்து அறுத்த பலகை அல்ல. குவார்ட்ஸ் தூளை ரெசினில் குழைத்து அழுத்திய ஆலைப் பலகை. கறை எளிதில் பிடிக்காது, நிறம் சீராக இருக்கும். ஆனால் ரெசினுக்குச் சூடு ஆகாது. அப்பளம் பொரித்த வாணலியை அடுப்பிலிருந்து இறக்கி நேரே மேடையில் வைக்கும் வீட்டில் அது சரிப்படாது. அறுப்பவரின் நுரையீரலில் சேரும் சிலிக்காத் தூசும் இதில் அதிகம். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்த வகைப் பலகையைத் தடைசெய்ததே அதனால்தான். மகன் அன்றோடு விட்டுவிட்டார்.

சமையலறைக்கு ஸ்டீல் கிரே என்று அம்மாவே சொன்னார். பெரியவர் கொஞ்சம் முகம் சுளித்தார். சாமி அறைத் திண்டுக்குப் பிளாக் கேலக்ஸி என்று மகன் சொன்னதும் சமாதானமானார். அங்கே புளியும் இல்லை, போர் தண்ணீரும் இல்லை.

யார்டில்

கல்லை ஷெட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்பவர்கள் பாதி ஏமாறுகிறார்கள். பலகையை வெளியே நிறுத்தச் சொல்லி ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். ஈரம் காயும்போது விரிசல் இருக்கும் கோடு மட்டும் கடைசியாகக் காயும். சந்தேகமான கோட்டின் குறுக்கே நகத்தை இழுத்தால், சிக்கினால் விரிசல், வழுக்கினால் கல்லின் சொந்த வரி. பின்பக்கம் வலை ஒட்டியிருந்தால் ஏன் ஒட்டினார்கள் என்று கேட்க வேண்டும். வலை இருப்பதாலேயே மோசமான கல் என்று ஆகிவிடாது, ஆனால் பலவீனமான கல்லைத் தாங்கிப் பிடிக்கவும் அதையே ஒட்டுவார்கள்.

அளவில் மிச்சம் பிடித்த இடம் இது. சமையலறை ‘ட’ வடிவம்: நீளக்கை 9½ அடி, குட்டைக்கை மூலை போக 4 அடி, ஆழம் 25 அங்குலம். கட்டர் சைஸில் வாங்கலாம் என்றார் யார்டுக்காரர். அதாவது இரண்டு இரண்டரை அடி அகலத்தில் அறுத்த பலகைகள், சதுர அடி விலை குறைவு. ஆனால் அவரிடம் இருந்த கட்டர் பலகைகளில் 9½ அடி நீளம் எதுவும் இல்லை. நீளக்கையில் ஒட்டு வரும், அதுவும் சிங்க் பக்கத்தில். கேங்சா பலகை, அதாவது பெரிய மெஷினில் அகலமாக அறுத்த பலகை, ஒன்று 9 அடி 8 அங்குலத்துக்கு 5½ அடி நின்றது. தாளில் போட்டுப் பார்த்தோம். 25 அங்குலத்தில் இரண்டு பட்டை. ஒன்று முழு நீளக்கை. இரண்டாவதில் 4 அடி குட்டைக்கை, 3½ அடி பொதுக் குளியலறை பேசின் மேடை. மீதி 16 அங்குல அகலத்தில் சுவரோரம் ஏறும் 4 அங்குலப் பட்டிகள். சுமார் 53 சதுர அடிப் பலகை ஒன்றிலேயே மூன்று வேலை முடிந்தது. விலை கூடுதலான பலகைதான், மொத்தக் கணக்கில் மலிவாக வந்தது.

சிங்க் குழியை யார்டிலேயே தண்ணீர் விட்டு அறுக்கச் சொன்னேன். வீட்டில் வைத்துக் கைமெஷினில் வறட்டு அறுப்பு அறுத்தால் வீடு முழுக்கத் தூசி. அறுப்பவர் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நிற்பார், அது எதற்கும் போதாது. இன்னொரு காரணம் குழியின் மூலை. மூலையைச் சதுரமாக வெட்டினால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். முதலில் நான்கு மூலையிலும் வட்டத் துளை போட்டு, துளைக்குத் துளை அறுக்க வேண்டும். சிங்கின் முன்னால் மிஞ்சுவது மூன்று அங்குலப் பட்டைதான், அந்த மொத்த மேடையில் பலவீனமான இடம் அது. நீளக்கை மட்டும் நூறு கிலோவுக்கு அருகில். அதைப் படுக்கவைத்துத் தூக்கினால் அந்த மூன்று அங்குலத்தில்தான் ஒடியும். நிறுத்தியே தூக்கி, நிறுத்தியே கொண்டுவந்து, கீழே தாங்கு சரியாக உட்கார்ந்த பிறகே சாய்த்தார்கள்.

கல்லுக்குள் கறை இறங்காமல் தடுக்கும் பூச்சான சீலர் அடிக்கலாமா என்று கேட்டார்கள். ஸ்டீல் கிரேயில் தண்ணீர்ச் சொட்டு அரை மணி நேரமும் முத்தாகவே நின்றது. குடிக்காத கல்லுக்கு சீலர் அடிப்பது மேலே மங்கலாகப் படலம் நிற்கவே உதவும். வேண்டாம் என்றேன்.

குளியலறை, என் தவறு

சமையலறையில் மார்பிளை விட்டுக்கொடுத்த மருமகளுக்கு அவர்கள் அறையோடு சேர்ந்த குளியலறையில் அதைக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அங்கே புளி ஏது, எலுமிச்சை ஏது? மினுமினுப்பு பாலிஷ் வேண்டாம், மங்கல் மெருகு போதும் என்று முடிவு செய்தோம். ஏற்கெனவே மங்கலாக இருக்கும் பரப்பில் அமிலம் பட்ட தடம் சட்டென்று தெரியாது. வெள்ளைக் கல் என்பதால் சாம்பல் சிமெண்ட் படக்கூடாது, ஈரத்தோடு நிறம் மேலேறி ஓரங்கள் கருத்துவிடும். வெள்ளைச் சிமெண்டில் பதித்தோம். சீலர் அடித்தோம். சீலர் கறையைத்தான் தடுக்கும், அமிலத்தைத் தடுக்காது என்பதையும் சொன்னேன். கடைகளில் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை. மருமகளிடம், மகனிடம், இருவரிடமும் சொன்னேன்: டாய்லெட் கழுவும் திரவம் இந்தக் கல் பக்கமே வரக்கூடாது.

14 மாதம் கழித்து வேறு வேலையாக அந்த வீட்டுக்குப் போனேன். சமையல் மேடை அப்படியே இருந்தது. குழாய் அடியில் மட்டும் உப்புப் படிவு, ஈரத்துணியால் தேய்த்தால் வந்துவிடுகிறது. பொதுக் குளியலறையிலும் குறை இல்லை. மார்பிள் மேடையில், பேசினுக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு பாட்டிலின் அடி அளவு வட்டம். வட்டத்திலிருந்து முன்விளிம்பு வரை விரல் அகலத்தில் ஒரு வழிசல். மங்கல் மெருகையும் தாண்டி, கல் அங்கே பள்ளமாகவே ஆகியிருந்தது. டாய்லெட் கழுவும் திரவத்தில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு எலுமிச்சையின் நிதானம் கிடையாது.

வீட்டில் யாரும் செய்யவில்லை. வாரம் இரண்டு நாள் குளியலறை கழுவ வரும் அக்கா, கழுவி முடித்ததும் பாட்டிலை அந்த மேடையில் வைத்துவிட்டுக் கையைக் கழுவுவாராம். பேசின் ஓரம் வெள்ளையாக உப்புப் பிடித்திருந்ததால் அதே திரவத்தில் கொஞ்சம் விட்டும் தேய்த்திருக்கிறார். அவரிடம் கேட்டபோது அவர் சொன்னது: "உப்புக்கறை அதுலதான சார் போகும்? எல்லா வீட்லயும் அப்பிடித்தான்." அவர் சொல்வது சரி. போர் தண்ணீர் உள்ள ஊரில் உப்புப் படிவும் கால்சியம் கார்பனேட், மார்பிளும் கால்சியம் கார்பனேட். ஒன்றைக் கரைப்பது மற்றதையும் கரைக்கும். படிவை மட்டும் எடுத்துக் கல்லை விட்டுவைக்கும் அமிலம் எதுவும் கிடையாது.

கல் பற்றிப் பேசிய மூன்று வாரத்தில் அந்த அக்கா ஒருநாள்கூடக் கூடத்தில் இல்லை. அம்மாவைச் சோதனை செய்யவைத்த நான் குளியலறைக்கு அதே காரியத்தைச் செய்யவில்லை. சமையலறையில்தான் ஆபத்து, குளியலறை அழகுக்கான இடம் என்று என் மனக்கணக்கு. மதுரைத் தண்ணீருக்கு அந்தக் கணக்கு தலைகீழ். வீட்டிலேயே கடுமையான அமிலம் இருப்பது குளியலறை அலமாரியில்தான். இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி, குளியலறையை யார் கழுவுகிறார், எதைப் போட்டுக் கழுவுகிறார் என்பது. அதற்கு அப்புறம்தான் நிறம்.

மறு பாலிஷ் போடலாம் என்றேன். வட்டம் போகும், பள்ளம் முழுதாகப் போக வேண்டுமென்றால் மேடை முழுவதையும் தேய்த்து இறக்க வேண்டும். மருமகள் வேண்டாம் என்றார். வட்டத்தின் மேல் ஒரு மணிபிளான்ட் ஜாடியை வைத்திருக்கிறார். மகன் குளியலறைக்கு மட்டும் நல்ல தண்ணீர் இணைப்புக் கொடுக்க விலை கேட்டிருக்கிறார்.

கிளம்பும்போது அம்மா பின்கட்டுக்குக் கூப்பிட்டார். பழைய கடப்பாவில் உடையாத நாலடித் துண்டை அம்மிக்குப் பக்கத்தில் இரண்டு செங்கல் சுவரின்மேல் போட்டு வைத்திருந்தார். மீன் கழுவவும் வாழைப்பூ ஆயவும் அதுதானாம். ரசச்சட்டி வட்டம் அதில் அப்படியே இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை, கல் எண்ணெய் மினுக்கில் கருகருவென்று இருந்தது.